இரு கடலுக்கு நடுவே இரட்டைக் கண்ணாடி: மண்டபத்தில் ஒரு வீட்டின் மர ஜன்னல்கள்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் கட்டிய ஒரு வீட்டின் ஜன்னல்களைப் பற்றிய ஆய்வு இது. வீட்டுக்காரர் பல ஆண்டுகள் இங்கிலாந்தில் மருத்துவமனைப் பணியில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் மனைவியோடு ஊர்ப்பக்கம் திரும்பி, கடலை ஒட்டி ஒரு மனை வாங்கினார். இங்கிலாந்தில் அவர்கள் குடியிருந்த வீட்டில் எல்லா ஜன்னலும் மரச்சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி பதித்தவை. இங்கேயும் அதுவே வேண்டும் என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள். வடிவமைப்பும் மேற்பார்வையும் என் பொறுப்பு.

"அங்கே வெளியே பனி கொட்டும். நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், குளிரே தெரியாது. குளிரைத் தடுக்கிற கண்ணாடி வெயிலைத் தடுக்காதா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. கடற்கரையில் வீடு கட்டுகிற பலரும், குறிப்பாக வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர்கள், இதைத்தான் கேட்கிறார்கள். பதில் ஒரு வரியில் அடங்காது. மரம் என்பது ஒரு முடிவு, இரட்டைக் கண்ணாடி என்பது வேறொரு முடிவு. கடையில் இரண்டும் சேர்த்தே விலை சொல்லப்படுவதால் ஒன்றின் நன்மை மற்றதன் கணக்கில் ஏறிவிடுகிறது. இந்த வீட்டில் இரண்டையும் பிரித்துப் பார்த்தோம். கடைசியில் 11 ஜன்னல்களில் 4க்கு மட்டுமே இரட்டைக் கண்ணாடி போட்டோம். மரம் எல்லாவற்றுக்கும்.

உப்பு, காற்று, வெயில்

மண்டபத்தில் நிலம் ஒடுங்கிப் போகிறது. தெற்கே மன்னார் வளைகுடா, ஊர்க்காரர்கள் சொல்லும் ஆண் கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண் கடல். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தெற்குக் கடலைக் கிளப்பிவிடும். அக்டோபர் தாண்டினால் வடகிழக்கிலிருந்து வாடை. கடலூரிலோ நாகையிலோ கடல் ஒரே பக்கம்தான். இங்கே ஆண்டு முழுக்க ஏதோ ஒரு பக்கத்திலிருந்து உப்பு வந்துகொண்டே இருக்கும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகத் துருவைச் சோதிக்க மண்டபத்தில் தனி நிலையம் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தை ஓயாமல் பராமரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் உயர்தரப் பூச்சும் தேவைப்பட்டன.

உப்பின் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். மண்டபத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். ஆக, ஜன்னலில் படிந்த உப்பு மழை இல்லாமலே இரவு முழுக்க நனைந்திருக்கும், பகலில் காயும், மறுபடி நனையும். மழை நேரடியாக அடிக்கிற முகத்தில் உப்பு கழுவப்பட்டுவிடும். சன்ஷேடுக்குக் கீழே, மழை படாத மூலையில்தான் அது தங்கும். கீலும் கொண்டியும் முதலில் கெடுவது அங்கேதான்.

வெயிலைப் பற்றி நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்பார்கள். மண்டபம் ஏறத்தாழ 9.3 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் இந்த ஊருக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று நண்பகலில் வடக்கே சுமார் 76 டிகிரி உயரத்தில் இருக்கும். 5 அடி உயர ஜன்னலுக்கு ஒன்றேகால் அடி சன்ஷேடு இருந்தால் அந்த நேரத்து வெயில் கண்ணாடியில் விழாது. தெற்கில் நிலைமை வேறு. டிசம்பரில் சூரியன் 57 டிகிரிதான் ஏறும். அதே ஜன்னலை முழுதாக மறைக்க 3 அடிக்கு மேல் நீட்ட வேண்டும். வழக்கமாகப் போடுகிற 2 அடி சன்ஷேடு மேலே சுமார் 3 அடியை மட்டும் காக்கும். மேற்குக்கோ எவ்வளவு நீட்டினாலும் போதாது. மாலை வெயில் சாய்ந்து நேரே உள்ளே வரும்.

கண்ணாடியைப் பற்றிப் பேசும் முன்பே இந்தக் கணக்கை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து போட்டோம். தெற்குச் சன்ஷேடை மூன்றே கால் அடியாக நீட்டினோம். மேற்கே இரண்டு ஜன்னல்களுக்கு வெளிப்புறம் சுருட்டி ஏற்றி இறக்கும் தட்டி வைக்க இடம் விட்டோம். இந்த வீட்டில் செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் கொடுத்தது இதுதான் என்று இன்றும் சொல்வேன். செலவும் இதற்குத்தான் குறைவு.

இரட்டைக் கண்ணாடி எதைத் தடுக்கிறது

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 12 முதல் 16 மி.மீ. இடைவெளி விட்டு, ஓரம் முழுவதையும் காற்றுப் புகாமல் அடைத்தால் அது இரட்டைக் கண்ணாடி. நடுவில் உள்ள அலுமினியப் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யு மதிப்பு. ஒற்றைக் கண்ணாடிக்கு அது சுமார் 5.7, சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு சுமார் 2.8. பாதியாகக் குறைகிறது. விற்பனையாளர் காட்டுகிற எண் இதுதான், எண் உண்மையும்கூட.

ஆனால் எத்தனை டிகிரி வித்தியாசத்தை அது தடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பாருங்கள். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் உள்ளே 20, வெளியே 3 அல்லது 4 டிகிரி. இரவும் பகலும், மாதக்கணக்கில். நமக்கோ ஏ.சி. ஓடும் அறையில் 25, வெளியே பிற்பகலில் 35. அந்தப் 10 டிகிரி வித்தியாசமும் சில மணி நேரம்தான். இரவில் வெளியே 28க்கு இறங்கிவிடும், வித்தியாசம் 3 டிகிரி.

4க்கு 5 அடி ஜன்னல் என்றால் 1.8 சதுர மீட்டர் சொச்சம். பிற்பகல் 10 டிகிரி வித்தியாசத்தில் இரட்டைக் கண்ணாடி தடுப்பது சுமார் 54 வாட். ஒரு டன் ஏ.சி. 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றக் கூடியது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரவில் 3 டிகிரிக்கு 16 வாட். ஏ.சி. மூன்று வாட் வெப்பத்தை எடுக்க ஒரு வாட் மின்சாரம் செலவழிக்கிறது என்று கொண்டால், இரவு 8 மணி நேரத்தில் மிச்சமாவது ஒரு ஜன்னலுக்கு மாதம் ஒன்றேகால் யூனிட். இந்த மிச்சத்தைக் கொண்டு போட்ட பணத்தை இந்தப் பிறவியில் எடுக்க முடியாது. வீட்டுக்காரரிடம் இதை அப்படியே சொன்னேன்.

வெயில் நேரே விழும்போது கதை வேறு. மேற்குச் சுவரில் மாலை 4 மணி வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவுக்கு வரும். ஒற்றைக் கண்ணாடி அதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். சாதாரண இரட்டைக் கண்ணாடியும் 70 சதவீதத்துக்கு மேல் விடும். அதாவது நம் ஜன்னலில் ஒற்றையில் 890 வாட், இரட்டையில் 780 வாட். பெரிய வித்தியாசம் இல்லை. வெயில் தடுப்புப் பூச்சு உள்ள இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் 30 சதவீதம், 330 வாட். இது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் வெறும் ஒற்றைக் கண்ணாடிக்கு வெளியே, வெயிலில் ஐந்தில் நான்கு பங்கை மறைக்கிற தட்டி கட்டினால் 180 வாட்டுக்குக் கீழே போய்விடுகிறது. வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நிறுத்துவதற்கு ஈடு கிடையாது. உள்ளே போடுகிற திரை இந்த வேலையைச் செய்யாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் அறைக்குள்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கரையில் மாலையானால் ஜன்னலைத் திறந்து கடற்காற்றை உள்ளே விடுகிறோம். கூடத்திலும் அடுப்படியிலும் ஜன்னல் நாளில் பாதி நேரம் திறந்தே கிடக்கும். திறந்து கிடக்கும் ஜன்னலில் ஒரு கண்ணாடி இருந்தால் என்ன, இரண்டு இருந்தால் என்ன? அதனால் கூடம், அடுப்படி, சாப்பாட்டு அறை, மாடி வராந்தா எதற்கும் இரட்டைக் கண்ணாடி வேண்டாம் என்று முடிவானது.

அப்படியானால் படுக்கையறைகளுக்கு மட்டும் ஏன்? மின்சாரச் சிக்கனத்துக்காக இல்லை. மூன்று காரணங்கள் இருந்தன, அவற்றில் ஒன்று இந்த ஊருக்கே உரியது.

வீட்டு அம்மாவுக்குப் பிற்பகல் உறக்கம் வேண்டும், கட்டில் ஜன்னல் ஓரம். வெளியே 36, உள்ளே 25 டிகிரி இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம், வெயில் படாமலே 33 டிகிரி அளவில் இருக்கும். இரட்டையில் 29. காற்று குளிர்ந்திருந்தும் ஜன்னல் பக்கத்து உடம்பு மட்டும் காந்துகிறதே, அது இந்த உள்முகச் சூட்டால் வருவது. நான்கு டிகிரி குறைந்தால் உடம்பு உடனே உணரும்.

அடுத்தது சத்தம். இதில் எதிர்பார்ப்பைக் குறைத்துச் சொல்வதே நேர்மை. ஒரே கனமுள்ள இரண்டு மெல்லிய கண்ணாடிகள், நல்ல 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடியைவிடச் சத்தத்தைப் பெரிதாகக் குறைத்துவிடாது. இரண்டு கண்ணாடியும் வெவ்வேறு கனத்தில் இருந்தால் ஓரளவு நல்லது. அதனால் வெளியே 6, உள்ளே 4 மி.மீ. என்று எடுத்தோம். ராமேசுவரம் நெடுஞ்சாலை வண்டிச் சத்தமும் கச்சான் ஊளையும் உண்மையில் குறைந்தது, சட்டத்தைச் சுற்றி ஓடிய ரப்பர் பட்டையாலும் மூன்று இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் பூட்டாலும்தான். அதை ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கும் போடலாம். கூடத்து ஜன்னல்களுக்குப் போட்டோம். உள்ளே வந்து டி.வி.யிலும் ஏ.சி.யின் உள் பலகையிலும் படிகிற உப்புத்தூள் அதனால் கண்கூடாகக் குறைந்தது.

மூன்றாவதுதான் இந்தக் கரைக்கே உரிய காரணம். காற்று அடங்கிய இரவில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள். அப்போது 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் ஈரம் கோத்துக்கொள்ளும். உள்ளே ஏ.சி.யை 20, 22இல் ஓடவிட்டால் ஒற்றைக் கண்ணாடியின் வெளிமுகம் அந்த அளவுக்கு இறங்கிவிடும். குளிர்நாடுகளில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும், இங்கே வெளிப்புறம் வேர்க்கும். அந்த நீர், படிந்திருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வழிந்து, கீழ்ச்சட்டத்தின் மேல் நிற்கும். அலுமினியச் சட்டமானால் அரிக்கும். மரச்சட்டமானால் பூச்சு உரியும், உளுத்துப்போகும். இரட்டைக் கண்ணாடியில் வெளிக்கண்ணாடி உள்ளே இருக்கும் குளிரை அறியாது, அதனால் வேர்ப்பது அரிது. கண்ணாடியைவிட மரத்தைக் காப்பாற்றத்தான் இங்கே இரட்டைக் கண்ணாடி உதவுகிறது. ஏ.சி. இரவு முழுக்க ஓடுகிற அறையில் மர ஜன்னல் வைப்பவர்களுக்கு நான் இதை முக்கியமாகச் சொல்வேன்.

மரத்தைத் தேர்ந்தது

தேக்கு என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தத் தேக்கு என்பதில்தான் நாள் ஓடியது. கடைகளில் பர்மா தேக்கு என்று சொல்லி விற்பது வழக்கம். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது வருவதில் நிறைய ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கு. கெட்ட மரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இளமரமாக வெட்டியதில் நடுவில் இருக்கும் வைரம் குறைவு, அதைச் சுற்றிய வெளிர்ந்த வெள்ளை மரம் அதிகம். கரையானும் உளுவும் வெள்ளையைத்தான் தேடும்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் இடித்த செட்டிநாட்டு வீடுகளின் மரம் கிடைக்கிறது. வீட்டுக்காரரும் தேவிபட்டினத்திலிருந்து வந்த ஆசாரி அண்ணனும் போய் பழைய உத்தரங்களை எடுத்து வந்தார்கள். பல தலைமுறை காய்ந்த மரம், இனி அசையாது. குறையும் உண்டு. உள்ளே உடைந்த ஆணிகள் இருந்து வாளின் பல்லை உடைத்தன, அறுத்தபோது கழிவு நிறையப் போயிற்று. மரம் பற்றாமல் போனதால் வடக்குப் பக்க ஜன்னல்களுக்குப் புதுத் தேக்கே வாங்க வேண்டியதாயிற்று.

புது மரத்தில் ஈரம் பார்ப்பது கட்டாயம். இந்தியத் தரம் ஐ.எஸ். 287, நாட்டை ஈரப்பதத்தின்படி நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் கதவு ஜன்னல் மரத்தில் எத்தனை சதவீதம் ஈரம் இருக்கலாம் என்று சொல்கிறது. ஈரம் மிகுந்த கடற்கரை மண்டலத்துக்கு அது 14 முதல் 16 சதவீதம். உள்நாட்டுச் சூளையில் 8 சதவீதத்துக்கு வறட்டிய மரத்தைக் கொண்டுவந்து கச்சிதமாகப் பொருத்தினால் வாடை மாதத்தில் ஊதிக்கொண்டு திறக்க மறுக்கும். பச்சையாக 20க்கு மேல் இருந்தால் கோடையில் சுருங்கி இடுக்கு விடும். மீட்டர் வைத்துப் பார்த்தே வாங்கினோம். அப்படியும் வடக்கு ஜன்னல்களில் இரண்டு, முதல் வாடையில் பிடித்துக்கொண்டன. ஆசாரி அண்ணன் இழைப்புளி போட்டுச் சரிசெய்தார். காரைக்குடி மரம் ஒரு நூலும் அசையவில்லை.

சட்டத்தின் கனம் இன்னொரு விஷயம். நம் ஊர் ஜன்னல் கதவு ஒன்றேகால், ஒன்றரை அங்குலக் கனத்தில் செய்யப்படும். வெளிக்கண்ணாடி 6, இடைவெளி 12, உள்கண்ணாடி 4 என்றால் கண்ணாடித் தொகுதியே 22 மி.மீ. அதைத் தாங்கும் பள்ளமும் அடைப்புப் பட்டையும் சேர்ந்தால் சட்டம் இரண்டேகால் அங்குலமாவது வேண்டும். ஐரோப்பாவில் 68 மி.மீ. கனச் சட்டம் சாதாரணம். ஆகவே இருக்கிற பழைய ஜன்னலில் கண்ணாடியை மட்டும் மாற்றி இரட்டையாக்கலாம் என்ற யோசனை பெரும்பாலும் நடக்காது. எடையும் கூடும். கண்ணாடி ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. 4 மி.மீ. ஒற்றைக்கு 10 கிலோ, இதற்கு 25 கிலோ. ஒவ்வொரு கதவுக்கும் மூன்று கீல் போட்டோம். உலோகம் எல்லாம் பித்தளை அல்லது எஸ்.எஸ். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. சாதாரணமாகக் கடையில் எடுத்துக் கொடுப்பது 304 ரகம், கடலோரத்தில் அது சீக்கிரமே பழுப்புக் கறை விடும். இரும்பு ஆணி ஒன்றுகூட வேண்டாம் என்று ஆசாரி அண்ணனே கண்டிப்பாக இருந்தார். தேக்கில் இரும்பு பட்டால் சுற்றிலும் கருத்துவிடும்.

"தம்பி, மரத்தைக் கெடுக்கிறது உப்பு இல்ல, தண்ணி நிக்கிறதுதான். கீழ்ச்சட்டத்துக்குச் சரிவு குடுங்க, மீதிய மரம் பாத்துக்கும்" என்றார். கீழ்ச்சட்டத்தின் வெளிமுகத்தைச் சாய்த்து இழைத்து, அடியில் நீர் சொட்டி விழ ஒரு காடி எடுத்தார். நூறு பக்கக் கையேடு சொல்வதும் இதைத்தான்.

கம்பி விஷயத்தில் கொஞ்சம் இழுபறி. ஐரோப்பிய முறையில் உள்பக்கம் திறக்கும் ஜன்னல் கேட்டார்கள். உள்ளே திறந்தால் கொசுவலை எங்கே வைப்பது? பாதுகாப்புக்குக் கம்பி வேறு வேண்டும். கடைசியில் நம் வழக்கப்படியே வெளியே திறப்பதாக வைத்து, உள்ளே எஸ்.எஸ். கம்பியும் நகரும் வலையும் கொடுத்தோம். கச்சான் மாதங்களில் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் நீளமான கொக்கி.

புகைபிடித்த கண்ணாடி

இரண்டு வாடையும் இரண்டு கச்சானும் கடந்த பிறகு மேற்குப் படுக்கையறையின் ஒரு கதவில், கண்ணாடிகளுக்கு நடுவே புகை போலப் படிந்தது. உள்ளே துடைத்தாலும் போகவில்லை, வெளியே துடைத்தாலும் போகவில்லை. ஓர அடைப்பு விட்டுப்போய், ஈரக்காற்று உள்ளே போனதன் அடையாளம் அது. உறிஞ்சும் மணிகள் நிரம்பிவிட்டால் பிறகு ஈரம் கண்ணாடியில்தான் படியும். இதைப் பிரித்துக் காயவைத்து மறுபடி ஒட்ட முடியாது. தொகுதியையே மாற்ற வேண்டும்.

அடைப்புப் பட்டையைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கீழ்ப்பள்ளத்தில் நீர் வடிய விட்டிருந்த துளைகளில் ஒன்று மணலால் அடைபட்டு, மற்றொன்று வார்னிஷால் மூடிப்போயிருந்தது. பள்ளத்தில் நீர் நின்று, கண்ணாடித் தொகுதியின் அடிவிளிம்பு அதிலேயே ஊறிக்கொண்டிருந்தது. ஓர அடைப்புகள் மழையைத் தாங்கும், நிற்கும் நீரைத் தாங்காது. கூடவே அந்த ஒரு கதவில் மட்டும் பூசியிருந்த சிலிக்கான் பசை வேறு வகை. மற்ற எல்லாவற்றிலும் அமிலம் விடாத நடுநிலை வகையைப் பயன்படுத்தியிருந்தார்கள். வேலை முடியும் நாளில் அது தீர்ந்துபோக, கண்ணாடி பொருத்த வந்த ஆள் பக்கத்தில் கிடைத்ததை வாங்கிப் பூசியிருக்கிறார். பூசும்போது புளித்த காடி வாசம் வருமே, அந்த வகை. அதிலிருந்து வரும் அமிலம் இரட்டைக் கண்ணாடியின் ஓரப்பசையை அரிக்கும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பழைய புட்டியும் அப்படியே. ஒற்றைக் கண்ணாடிக்குக் காலங்காலமாக அதைத்தான் போட்டார்கள், அதற்கு ஒன்றும் ஆகாது. இரட்டைக்கு ஆகாது.

புதுத் தொகுதி வந்து சேரச் சில வாரம் பிடித்தது. வலுவூட்டிய கண்ணாடியை வெட்ட முடியாது. அளவுக்கு வெட்டிய பிறகே சூட்டில் வைத்து வலுவூட்டுவார்கள். மதுரையிலோ சென்னையிலோ செய்து கொண்டுவர வேண்டும். ஒரு கண்ணாடி உடைந்தால் ராமநாதபுரம் கடையில் வெட்டி வாங்கி அன்றே போடுகிற வசதி இதில் இல்லை. இந்தக் குறையைப் பலர் வாங்கும்போது யோசிப்பதில்லை.

மற்ற மூன்று ஜன்னல்களும் இதுவரை தெளிவாக இருக்கின்றன. ஆனாலும் இந்த அடைப்புகள் நிரந்தரமானவை இல்லை. நன்றாகச் செய்தவை 15, 20 ஆண்டு உழைக்கும். மேற்கு வெயிலில் நடுக்காற்று தினமும் விரிந்து சுருங்கி ஓரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அங்கே ஆயுள் குறையும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. இந்த இடத்தில் மரச்சட்டத்துக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. பட்டையைக் கழற்றி, தொகுதியை எடுத்து, புதியதை வைத்து, மறுபடி பட்டையை முடுக்கிவிடலாம். கீழ்ச்சட்டம் உளுத்தால் அதை மட்டும் ஆசாரி மாற்றிக் கொடுப்பார். அலுமினியத்தில் குழி விழுந்தால் முழுச்சட்டமும் போக வேண்டியதுதான்.

பராமரிப்பு, பணம்

தெற்குப் பக்கம் முதலில் வீட்டுக்காரர் விருப்பப்படி பளபளக்கும் வார்னிஷ் அடித்தோம். முதல் கச்சான் முடிவதற்குள்ளேயே மேற்பரப்பு செதில் செதிலாக வந்தது. வெயில், பூச்சுக்குள் ஊடுருவி அடியில் இருக்கும் மரநாரைத் தளர்த்திவிடுகிறது. உப்பு அதற்குள் போய்ப் படிகமாகி நாரைப் பிரித்துவிடுகிறது. தேய்த்து எடுத்துவிட்டு, மரத்துக்குள் இறங்குகிற எண்ணெய்ப் பூச்சுக்கு மாறினோம். ஆண்டுக்கு ஒருமுறை துணியால் துடைத்தாற்போல அடித்தால் போதும், சுரண்ட வேண்டியதில்லை. மரத்தின் நிறம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு அடர்ந்த வண்ணப் பெயிண்ட்தான் நீண்ட நாள் தாங்கும்.

உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். மண்டபத்தில் அது எளிதில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கவே காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்க்கும் ஊரில் ஜன்னல் கழுவ வாளி வாளியாக ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாடியில் பிடித்த மழைநீரில் துணி நனைத்து வாரம் ஒருமுறை கீல், கொண்டி, கீழ்ச்சட்டம் மூன்றையும் துடைக்கிறார்கள். அதுவே போதுமானதாக இருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, ஒற்றைக் கண்ணாடி மர ஜன்னலைவிட இரட்டைக் கண்ணாடி மர ஜன்னலுக்கு இந்த வீட்டில் ஏறத்தாழ இருமடங்கு ஆனது. கனத்த சட்டம், கூடுதல் கீல், பூட்டு எல்லாம் அதில் அடக்கம். கெட்டி பிளாஸ்டிக்கான யு.பி.வி.சி. ஜன்னல் வைத்திருந்தால் இதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். உப்பு அதைத் தொடாது, பூச்சும் வேண்டாம். ஆண்டுதோறும் கவனிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க பூட்டியே கிடக்கும் கீழக்கரை வீடுகள் போன்றவற்றுக்கு, நான் யு.பி.வி.சி.யைத்தான் சொல்வேன். உள்ளே வைக்கும் இரும்பு வலுவூட்டலும் திருகுகளும் துருவாமல் பார்த்துக்கொண்டால் போதும். மர ஜன்னல், வீட்டில் ஆள் இருந்து கவனிக்கிற குடும்பத்துக்கு. ஆண்டுக்கொரு தடவை கூப்பிட்டால் வருகிற ஆசாரியும் இருக்க வேண்டும்.

நடுவில் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு நிரப்பிய தொகுதிக்குக் கூடுதல் விலை சொன்னார்கள், மறுத்துவிட்டோம். யு மதிப்பு 2.8 என்பது 2.6 ஆகும், அவ்வளவுதான். நமக்கு இருக்கும் 10 டிகிரி வித்தியாசத்துக்கு அது எதற்கு? அந்தப் பணத்தில் மேற்கு ஜன்னல்களின் வெளிக்கண்ணாடிக்கு, உள்முகத்தில் வெயில் தடுப்புப் பூச்சு வாங்கினோம். தட்டி இறக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார நினைக்கிற மாலைகளில் அது உதவுகிறது.

இதே போல ஜன்னல் வைக்க நினைப்பவர்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. மரத்தின் ஈரம் மீட்டரில் எவ்வளவு, கீலும் திருகும் எந்த ரகம், சிலிக்கான் நடுநிலை வகைதானா, ஒவ்வொரு கீழ்ச்சட்டத்திலும் வடிதுளைகள் எத்தனை, அவை வார்னிஷ் அடித்த பிறகும் திறந்திருக்கின்றனவா, ஓர அடைப்புக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், அந்த உத்தரவாதம் கடற்கரைக்கும் செல்லுமா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் இருந்தால் பொறுப்பில்லை என்று பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வடிதுளைகளைக் குச்சி விட்டுச் சுத்தம் செய்வது இப்போது வீட்டுக்காரரின் வேலை. வாடை தொடங்கும் முன் ஒருமுறை, கச்சான் முடிந்ததும் ஒருமுறை. வடக்குப் பக்க ஜன்னல்களுக்கு இந்தப் புரட்டாசியில் எண்ணெய்ப் பூச்சு அடிக்க ஆசாரி அண்ணனுக்குச் சொல்லியாயிற்று.